துப்பு கிடைத்தது, துலங்கவில்லை: 1888 லண்டன்

1888-இல் கிழக்கு லண்டனில் பெண்களை அடுத்தடுத்துக் கொன்ற ஜாக் த ரிப்பர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் எப்போதோ விட்டுப்போயிற்று. அவ்வப்போது யாராவது 'இதோ, இவன்தான்' என்று ஒரு பெயரோடு வருகிறார்கள். ஒரு வாரம் பரபரப்பு, அப்புறம் ஓய்ந்துவிடுகிறது. எனக்குச் சலிக்காத விஷயம் வேறு. அந்தக் கொலைகள் பற்றிய மரண விசாரணைச் சாட்சியங்களை அன்றைய லண்டன் பத்திரிகைகள் பத்தி பத்தியாக அச்சிட்டு வைத்திருக்கின்றன. அவற்றைப் படித்தால் கொலைகாரன் அகப்பட மாட்டான். ஆனால் விக்டோரியா காலத்துப் போலீஸ் ஒரு கொலை வழக்கை எப்படிக் கையாண்டது, எந்த இடத்தில் கோட்டை விட்டது என்பது நன்றாகவே தெரியும். 'போலீஸ்காரர்கள் முட்டாள்கள்' என்கிற சுலபமான பதில் அங்கே எடுபடாது. பலர் கெட்டிக்காரர்கள். ஆனால் தடயம் அவர்கள் கைக்கு வருவதற்குள் வேறு நாலு பேர் கையைக் கடந்துவிடும்.

1888 ஆகஸ்ட் 31-ஐ எடுத்துக்கொள்வோம். கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் பக்ஸ் ரோ என்று ஒரு தெரு. விடிகாலை மூன்றே முக்கால் மணிக்குச் சற்று முன்பு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரர் தரையில் ஒரு பெண் கிடப்பதைக் கண்டார். மேரி ஆன் நிகல்ஸ். கொஞ்ச நேரத்தில் ரோந்து வந்த கான்ஸ்டபிள் ஜான் நீலும் பார்த்துவிட்டார். அரை மணி நேரத்துக்கு முன்பு அதே வழியாகப் போனபோது அங்கே யாரும் இல்லை. பக்கத்திலிருந்த டாக்டர் லெவெலினை எழுப்பிக் கூட்டி வந்தார்கள். அவர் கழுத்தில் இருந்த வெட்டைப் பார்த்தார், உயிர் இல்லை என்றார், பிணவறைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். தெருவில் கிடந்த ரத்தத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான்.

பிணவறை என்றால் ஏதோ பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். வைட்சேப்பலுக்கென்று பொதுப் பிணவறையே கிடையாது. ஏழைகள் விடுதிக்குச் சொந்தமான ஒரு கொட்டகைதான் அந்த வேலையைப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் ஸ்ப்ராட்லிங் அங்கே வந்து, இறந்தவரின் அங்க அடையாளங்களைக் குறித்துக்கொண்டிருந்தவர், துணியை விலக்கிப் பார்த்தார். வயிறு கிழிக்கப்பட்டிருந்தது. டாக்டர் பார்க்காமலே போன காயம் அது. மறுபடியும் ஆள் அனுப்பி டாக்டரை வரவழைத்தார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் மோசம். விடுதியில் இருந்த இரண்டு ஏழை ஆண்கள், காலைச் சாப்பாடு முடித்துவிட்டு வந்து, உடலில் இருந்த துணிகளைக் கிழித்தும் வெட்டியும் எடுத்தார்கள். உடலைக் கழுவியும் வைத்துவிட்டார்கள். தொடக்கூடாது என்று சொல்லியிருந்தோம் என்றது போலீஸ். யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார் கழுவியவர்களில் ஒருவர். இன்னொருவருக்கு வலிப்பு நோய், அவர் ஞாபகத்தை நம்ப முடியாது என்று மரண விசாரணையை நடத்திய அதிகாரியான கொரோனர் வின் பாக்ஸ்டரே ஜூரிகளிடம் சொல்லும்படி ஆயிற்று. எந்தத் துணி எந்தக் காயத்தின் மேல் எப்படிக் கிடந்தது என்பதற்கு அவர்களைத் தவிர சாட்சி கிடையாது.

எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 8 அன்று, ஹான்பரி தெரு 29-ஆம் எண் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஆனி சாப்மன். அதே கொட்டகை. இந்தத் தடவை கழுவியது இரண்டு நர்ஸ்கள். போலீஸ் சர்ஜன் டாக்டர் ஜார்ஜ் பிலிப்ஸ் கோபத்தோடு விசாரணையில் இதை எடுத்துச் சொன்னார். ஒரு கொலையிலிருந்து அடுத்த கொலைக்குள் யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று நமக்குத் தோன்றும். கற்றுக்கொண்டிருந்தாலும், அந்தக் கொட்டகை போலீஸின் அதிகாரத்தில் இல்லை.

இதற்கு வேர் கொஞ்சம் பின்னால் போகிறது. 1829-இல் ராபர்ட் பீல் லண்டன் பெருநகரப் போலீஸை அமைத்தபோது அதன் முதல் வேலை குற்றம் நடக்காமல் தடுப்பது. சீருடைக்காரர் ஒருவர் குறித்த நேரத்தில் குறித்த தெருவில் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் திருடன் அடங்குவான் என்பது கணக்கு. துப்பறியும் பிரிவு என்று ஒன்று வர 1842 ஆயிற்று, அதுவும் இரண்டு இன்ஸ்பெக்டர்கள், ஆறு சார்ஜென்ட்களோடு. போலீஸ் மப்டியில் திரிவதை அன்றைய ஆங்கிலேயர்கள் வேவு பார்ப்பதாகவே நினைத்தார்கள். 1877-இல் அந்தப் பிரிவின் மூத்த அதிகாரிகளே மோசடிக்காரர்களோடு கூட்டு வைத்து மாட்டிக்கொள்ள, அடுத்த வருடம் எல்லாவற்றையும் கலைத்து சி.ஐ.டி. உருவாக்கப்பட்டது. வைட்சேப்பல் கொலைகள் நடக்கும்போது அதற்கு வயது பத்து. அதன் புதிய தலைவர் ராபர்ட் ஆண்டர்சன், பதவியேற்ற ஒரு வாரத்தில், உடம்பு சரியில்லை என்று சுவிட்சர்லாந்துக்கு விடுப்பில் போய்விட்டார். அது சாப்மன் கொலையான சமயம்.

தடுக்கத் தெரிந்த போலீஸ் என்றேன். அதையும் பார்த்துவிடலாம். செப்டம்பர் 30 அதிகாலை, மைட்டர் சதுக்கம். கான்ஸ்டபிள் எட்வர்ட் வாட்கின்ஸின் ரோந்துப் பாதை ஒரு சுற்று முடிய 12 முதல் 14 நிமிடம் ஆகும். 1.30-க்கு சதுக்கத்தைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. 1.44-க்குத் திரும்பி வந்தபோது ஒரு மூலையில் கேத்தரின் எடோஸின் உடல். சதுக்கத்திலேயே ஒரு கிடங்கின் இரவுக் காவலாளி விழித்திருந்தார், ஒரு சத்தமும் கேட்கவில்லை. சதுக்கத்தில் குடியிருந்த இன்னொரு போலீஸ்காரர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வாட்கின்ஸ் அந்தக் காவலாளியிடம்தான் ஓடினார். அவர் ஓய்வுபெற்ற கான்ஸ்டபிள், கையில் விசில் வைத்திருந்தார், அதை ஊதிக்கொண்டே தெருவுக்கு ஓடினார். வாட்கின்ஸிடம் விசில் இல்லை. நாங்கள் விசில் வைத்துக்கொள்வதில்லை என்று விசாரணையில் அவரே சொன்னார். கடிகார முள் மாதிரி சுற்றுகிற ரோந்தின் பலவீனம் இதுதான். போலீஸ்காரர் எப்போது வருவார் என்று திருடனுக்குத் தெரிந்தால் அவன் அடங்கலாம். கொலைகாரனுக்குத் தெரிந்தால் அவனுக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு கொடுமை. எடோஸ் அன்று இரவு குடித்துவிட்டு விழுந்து கிடந்ததற்காக பிஷப்ஸ்கேட் ஸ்டேஷனில்தான் அடைக்கப்பட்டிருந்தார். தெளிந்துவிட்டார் என்று ஒரு மணிக்கு விடுவித்தார்கள். ஒரு பொய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். முக்கால் மணி நேரத்தில் பிணம்.

அதே இரவில், அதற்கு முன்பே, பெர்னர் தெருவில் எலிசபெத் ஸ்ட்ரைட் கொல்லப்பட்டிருந்தார். இங்கேதான் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த 'இது எங்க லிமிட் இல்லை' பிரச்சினை வருகிறது. பெர்னர் தெரு பெருநகரப் போலீஸ் எல்லை. மைட்டர் சதுக்கம் லண்டன் சிட்டி போலீஸ் எல்லை. இரண்டும் தனித்தனிப் படை, தனித்தனி கமிஷனர், ஒருவர் இன்னொருவருக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. கொலைகாரன் எல்லையைத் தாண்டினான். அதோடு நிற்கவில்லை, எடோஸின் ஏப்ரனில் இருந்து ஒரு துண்டை வெட்டிக்கொண்டு திரும்பவும் பெருநகரப் போலீஸ் எல்லைக்குள் வந்து, கூல்ஸ்டன் தெருவில் ஒரு குடியிருப்பின் வாசலில் போட்டுவிட்டுப் போனான். 2.55-க்கு கான்ஸ்டபிள் ஆல்ஃப்ரட் லாங் அந்த ரத்தத் துணியைக் கண்டெடுத்தார். 2.20-க்கு அது அங்கே இல்லை என்பது அவர் சாட்சியம். துணிக்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதிய ஒரு வாசகம், யூதர்களைக் குறிப்பிட்டு.

சிட்டி போலீஸ் துப்பறிவாளர் ஹால்ஸ், வெளிச்சம் வந்ததும் போட்டோ எடுத்துவிடலாம், அதுவரை அழிக்காதீர்கள் என்றார். கொலை அவர்களுடையது, ஆனால் சுவர் அவர்களுடையது இல்லை. பெருநகரப் போலீஸ் சூப்பிரண்டென்ட் ஆர்னால்ட் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் பெட்டிகோட் லேன் சந்தை, கொஞ்ச நேரத்தில் கூட்டம் நெரியும். 'லெதர் ஏப்ரன்' என்று ஒரு யூதரைச் சந்தேகித்து ஊர் முழுக்கத் தேடி, பிறகு அவர் நிரபராதி என்று விட்ட சூடு இன்னும் ஆறவில்லை. கமிஷனர் சர் சார்லஸ் வாரன் நேரில் வந்தார், அழிக்கச் சொன்னார். 5.30 வாக்கில் சுவர் சுத்தமாயிற்று. முதல் வரியை மட்டும் அழிக்கலாம், மூடி வைக்கலாம் என்ற யோசனைகளும் எடுபடவில்லை. மிஞ்சியது இரண்டு படைக்காரர்களின் குறிப்புகள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. வாக்கியத்தில் 'இல்லை' எங்கே வருகிறது என்பதிலேயே வித்தியாசம்.

வாரனைத் திட்டாதவர்கள் இல்லை. எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஒரு கலவரம் வெடித்து நாலு யூதக் கடைகள் எரிந்திருந்தால், கிறுக்கலைக் காப்பாற்றினாரே என்று யாரும் அவரைப் பாராட்டியிருக்கப் போவதில்லை. ஒரு துணியைப் போட்டு மூடி, ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தி, ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கலாம் என்பது மட்டும் உறுத்துகிறது.

ஸ்ட்ரைட் விஷயத்தில் போலீஸுக்கு வந்த சிக்கல் இன்னும் அடிப்படையானது: செத்தவர் யார்? மேரி மால்கம் என்ற பெண் பிணவறையில் உடலைப் பார்த்து, இது என் தங்கை எலிசபெத் வாட்ஸ்தான் என்று சத்தியம் செய்தார். கொலை நடந்த இரவில் தங்கை வந்து முத்தமிட்டது போல உணர்ந்ததாகவும் சொன்னார். விசாரணையில் அது பதிவாயிற்று. மூன்று வாரம் கழித்து அந்தத் தங்கை உயிரோடு, வேறு கணவரின் பெயரோடு, கோபத்தோடு வந்து கொரோனர் முன் நின்றார். அடையாள அட்டை எதுவும் இல்லாத காலம். அந்த வட்டாரத்தில் 233 பொதுத் தங்கும் விடுதிகள், அவற்றில் சுமார் 8,500 பேர் தங்க இடம் என்று போலீஸ் கணக்கு சொல்கிறது. இரவுக்கு நாலு பென்ஸ் கொடுத்தால் படுக்கை, பெயர் என்ன என்று யாரும் அழுத்திக் கேட்பதில்லை.

போலீஸ்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வந்த காகிதம் அத்தனையும் தலைமை இன்ஸ்பெக்டர் டொனால்ட் ஸ்வான்சன் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும் என்று வாரன் உத்தரவிட்டிருந்தார். நல்ல ஏற்பாடுதான். அவர் அக்டோபர் 19 தேதியிட்டு எழுதிய அறிக்கையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 80,000 துண்டுப் பிரசுரங்கள், வீடு வீடாகத் தேடல், விடுதிகளில் 2,000 பேருக்கு மேல் விசாரணை, ஸ்டேஷன்களில் சுமார் 80 பேர் பிடித்து வைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டது, 300 பேருக்கு மேல் அவர்களின் நடமாட்டம் சரிபார்க்கப்பட்டது, 76 கசாப்புக்காரர்கள். இவ்வளவும் செய்துவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. ஏன் என்றால், அந்தத் துப்பறிவாளர்களுக்குக் கைவந்த கலை வேறு. அடகுக்கடை, திருட்டுப் பொருள் வாங்குபவன், இன்ஃபார்மர், பகை, பணம், பங்காளித் தகராறு. களத்தில் விசாரணையை நடத்திய இன்ஸ்பெக்டர் அபர்லைன் வைட்சேப்பலில் பல வருடம் இருந்தவர், சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. ஆனால் கொன்றவனுக்கும் கொல்லப்பட்டவளுக்கும் முன்பின் பழக்கமே இல்லை என்றால் எந்த இன்ஃபார்மர் என்ன சொல்வான்? அவனுக்கே தெரியாதே.

ரத்தத்தை வைத்துப் பிடிக்கலாமே என்றால், அதுவும் முடியாது. கறையைச் சோதித்து 'இது ரத்தம்' என்று அன்றைய ரசாயனவாதி சொல்வார். மனித ரத்தமா மாட்டு ரத்தமா என்று உறுதியாகச் சொல்ல ஜெர்மனியின் உலென்ஹூத் 1901-இல்தான் வழி கண்டார். விக்டோரியா மகாராணி இறந்த அதே வருடம். பக்ஸ் ரோவுக்கு அடுத்த தெருவிலேயே குதிரை அறுக்கும் கொட்டில் இருந்தது. அங்கே இரவு வேலை பார்த்தவர்கள் நிகல்ஸின் உடலை வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த ஊரில் சட்டையில் ரத்தக் கறையோடு விடிகாலையில் ஒருவன் நடந்து போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கைரேகை? வங்காளத்தில் ஹெர்ஷல் 1858-லேயே ஒப்பந்தங்களில் ரேகை வாங்க ஆரம்பித்துவிட்டார். 1880-இல் ஹென்றி ஃபோல்ட்ஸ் குற்றவாளிகளைப் பிடிக்க ரேகை உதவும் என்று நேச்சர் இதழில் எழுதினார். கல்கத்தாவில் அஸிஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் உழைத்துச் செய்த வகைப்பாட்டு முறை அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரில் லண்டன் போய், பெருநகரப் போலீஸின் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் ரேகைப் பிரிவு திறக்க 1901 ஆயிற்று. ஆனாலும் 'ரேகை மட்டும் இருந்திருந்தால்' என்று பெருமூச்சு விடுபவர்களை நான் நம்புவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பதிவேடு வேண்டும், அதில் அவன் பெயர் இருக்கவும் வேண்டும்.

மிஞ்சியது கண்ணால் கண்ட சாட்சி. இதில் எனக்குப் பிடித்த ஆள் மேத்யூ பாக்கர். பெர்னர் தெருவில் பழக்கடை. கொலை நடந்த அன்று காலையே சார்ஜென்ட் ஸ்டீஃபன் வைட் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். மழை, வியாபாரம் இல்லை, சீக்கிரம் கடையை மூடினேன், யாரையும் பார்க்கவில்லை என்றார் பாக்கர். வைட் அதை எழுதிக்கொண்டார். இரண்டே நாளில், ஊர்க் காவல் குழு அமர்த்திய இரண்டு தனியார் துப்பறிவாளர்கள் வந்தபோது, செத்த பெண்ணோடு வந்த ஒருவனுக்குத் திராட்சை விற்றதாக ஞாபகம் வந்துவிட்டது. ஈவ்னிங் நியூஸ் அதை அச்சிட்டு, போலீஸ் இவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்று எழுதியது. வைட் அலறியடித்துக்கொண்டு மறுபடி ஓடினால், அதே இரண்டு பேர் பாக்கரைப் பிணவறைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அன்றே அவரை வண்டியில் ஏற்றி நேரே கமிஷனரிடமே கொண்டுபோய் நிறுத்தினார்கள். கதையில் நேரமும் மாறிக்கொண்டே வந்தது. மரண விசாரணைக்கு அவரைச் சாட்சியாகக் கூப்பிடவே இல்லை.

போலீஸ் நிருபர்களிடம் பேசாது என்பது அன்றைய விதி. பேசாததால் நிருபர்கள் துப்பறிவாளர்களின் பின்னாலேயே அலைந்தார்கள், சாட்சிகளுக்குக் காசு கொடுத்தார்கள். 'ஜாக் த ரிப்பர்' என்று கையெழுத்திட்ட 'டியர் பாஸ்' கடிதம் ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்தபோது, கையெழுத்தை யாராவது அடையாளம் காட்டட்டும் என்று போலீஸே அதைப் போஸ்டர் அடித்து ஒட்டியது. விளைவு, ஆளாளுக்கு ரிப்பர் பெயரில் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். அது ஒரு பத்திரிகைக்காரனின் கைவரிசை என்று பிற்பாடு ஆண்டர்சனே எழுதினார். அதற்குள் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அடையாளம் காட்டுவது எவ்வளவு அபாயம் என்று யார்டுக்கு ஏற்கெனவே ஒரு பாடம் நடந்திருந்தது. 1872 கிறிஸ்துமஸ் காலையில் கிரேட் கோரம் தெருவில் ஹாரியட் பஸ்வெல் என்ற பெண் கழுத்தறுக்கப்பட்டுக் கிடந்தார். முந்தின இரவு ஒரு வெளிநாட்டுக்காரனோடு அவரைப் பார்த்ததாகச் சொன்னவர்களை ராம்ஸ்கேட் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனார்கள். போலீஸ் சந்தேகித்தது அங்கே நின்ற ஒரு ஜெர்மன் கப்பலின் உதவி மருத்துவரை. வரிசையில் நின்றவர்களில் சாட்சிகள் கை நீட்டியது அந்தக் கப்பலின் பாதிரியார் டாக்டர் ஹெசலை! அவர் அன்றிரவு எங்கே இருந்தார் என்பது நிரூபணமாகி நீதிமன்றம் விட்டுவிட்டது, பிரதமர் கிளாட்ஸ்டனே வருத்தம் தெரிவித்தார். பஸ்வெலைக் கொன்றவன் கிடைக்கவில்லை.

ஏழைகளின் அறைக்குள் போலீஸ் சுலபமாக நுழையும். பணக்கார வீடு வேறு கதை. 1860-இல் ரோட் ஹில் மாளிகையில் மூன்று வயதுப் பையன் கொல்லப்பட்ட பிறகு, வீட்டை இரவில் கண்காணிக்க வந்த இரண்டு கான்ஸ்டபிள்களைச் சமையலறையில் வைத்து வீட்டு எஜமானரே கதவைத் தாழிட்டுவிட்டார். அதே சமையலறை அடுப்பில் உள்ளூர்ப் போலீஸ் கண்டெடுத்த ரத்தக் கறை படிந்த உள்ளாடையை, ஒரு பெண்ணின் சமாச்சாரம் என்று கூச்சப்பட்டு, லண்டனிலிருந்து வந்த துப்பறிவாளர் விச்சரிடம் சொல்லாமலே மறைத்தார்கள். விச்சர் சரியான ஆளைத்தான், அந்த வீட்டுப் பெண் கான்ஸ்டன்ஸ் கென்ட்டைத்தான், சந்தேகித்தார். ஒரு தொழிலாளி வீட்டுப் பையன் கனவான் வீட்டுப் பெண்ணைக் குற்றம் சாட்டுவதா என்று ஊரே அவரைக் கிழித்தது. ஐந்து வருடம் கழித்து அவளே ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் அதுவும் இன்று துலங்காத வழக்குகளின் பட்டியலில்தான் இருக்கும்.

வைட்சேப்பலுக்குத் திரும்பினால், நவம்பர் 9. மில்லர்ஸ் கோர்ட், 13-ஆம் எண் அறை. வாடகை பாக்கி கேட்க வந்த தாமஸ் போயர், உடைந்திருந்த ஜன்னல் கண்ணாடி வழியாகத் திரையை விலக்கிப் பார்த்தார். மணி 10.45. உள்ளே மேரி ஜேன் கெல்லி. 11.15-க்கு டாக்டர் பிலிப்ஸ் வந்து அதே ஓட்டை வழியாகப் பார்த்தார். 11.30-க்கு அபர்லைன். ஆனால் யாரும் உள்ளே போகவில்லை. மோப்ப நாய் வரும்வரை இடத்தைக் கலைக்கக்கூடாது. பாடம் கற்றுக்கொண்டுவிட்டார்கள்தான். அக்டோபரில் பார்னபி, பர்கோ என்று இரண்டு நாய்களைப் பூங்காவில் ஓடவிட்டுச் சோதித்தபோது, வாரனே ஓடி ஒளிந்து மோப்பம் பிடிக்கவிட்டார். ஆனால் நாய்கள் இப்போது கையில் இல்லை. வாரனும் முந்தின நாள்தான் ராஜினாமா செய்திருந்தார். சந்தில் நின்றவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. 1.30-க்கு ஆர்னால்ட் வந்து நாய் வராது என்றார். வீட்டுக்காரர் கோடாலியால் கதவைப் பிளந்தார். சாவி தொலைந்து நாளாயிற்று, உடைந்த ஜன்னல் வழியே கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறப்பதுதான் வழக்கம் என்று கெல்லியோடு வாழ்ந்தவரிடமிருந்து போலீஸுக்குத் தெரியவந்தது அப்புறம்தான். இரண்டே முக்கால் மணி நேரம்!

உள்ளே ஒன்றை உருப்படியாகச் செய்தார்கள். உடலை அசைக்காமல், கிடந்தபடியே போட்டோ எடுத்தார்கள். மற்றவர்களுக்கு இருப்பது பிணவறைப் படங்கள்தான்.

கொரோனர் பாக்ஸ்டர் விசாரணையை வாரக்கணக்கில் இழுத்து எல்லாவற்றையும் பகிரங்கமாக்குகிறார் என்று போலீஸுக்குக் குறை இருந்தது. கெல்லியின் விசாரணை வேறு கொரோனர், மக்டானல்டிடம் போனது. அவர் நவம்பர் 12 அன்று ஒரே நாளில் முடித்துவிட்டார். அன்று மாலை ஆறு மணிக்கு ஜார்ஜ் ஹட்சின்சன் என்பவர் ஸ்டேஷனுக்கு வந்து, கொலையான இரவில் கெல்லியோடு ஒருவனைப் பார்த்தேன் என்று கோட்டுக் காலர், தங்கச் சங்கிலி, டை ஊசி வரை விவரித்தார். இரவு இரண்டு மணிக்கு, தெருவிளக்கில்! அபர்லைன் நம்பினார். எனக்கு அவ்வளவு துல்லியம் நெருடுகிறது. விசாரணை முடிந்துவிட்டதால் அவரைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவே இல்லை.

1894-இல் மெல்வில் மக்நாட்டன் என்ற உயர் அதிகாரி மூன்று பேரைச் சந்தேகத்துக்குரியவர்கள் என்று ஓர் உள் அறிக்கையில் எழுதினார். அவர் யார்டில் சேர்ந்ததே 1889 ஜூனில். முதல் பெயரான டிரூயிட்டை 41 வயது டாக்டர் என்கிறார். டிரூயிட் இறந்தபோது வயது 31, தொழில் வக்கீல், பள்ளி ஆசிரியர். இன்றுவரை வரும் பெயர்களில் பல அந்தத் தாளிலிருந்து கிளம்பியவை. சிட்டி போலீஸின் கோப்புகளில் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் போயிற்று. பெருநகரப் போலீஸின் கோப்புகளில் இருந்தவற்றை வருடக்கணக்கில் யார் யாரோ உருவிக்கொண்டு போனார்கள். அப்படிக் காணாமல் போன 'டியர் பாஸ்' கடிதம் 1987-இல் தபாலில் ஸ்காட்லாந்து யார்டுக்குத் திரும்பி வந்தது. உறையில் அனுப்புநர் பெயர் இல்லை.